சைக்கிளில் கோடியக்கரை வரை போன் தாங்குமா?

எங்களோடு நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டப் புதிதாக வருகிறவர்கள் டயரைப் பற்றியோ கியரைப் பற்றியோ கேட்பதில்லை. "போன்ல சார்ஜ் நிக்குமாண்ணே? ஜிபிஎஸ் போட்டா பேட்டரியைக் குடிச்சிடுதே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தஞ்சாவூரில் கருக்கலில் கிளம்பி வடுவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். டீக்கும் சாப்பாட்டுக்கும் நிற்பதையெல்லாம் சேர்த்தால் பகல் முழுக்க ஆகிவிடும். அவ்வளவு நேரமும் போன் வழியைப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குப் பேசவும் அதில் உயிர் இருக்க வேண்டும். சாதாரண 5,000 எம்ஏஎச் பேட்டரி போன் இதைத் தாராளமாகச் செய்யும். ஆனால் பழியை ஜிபிஎஸ் மேல் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் திறந்து வைத்திருந்தால் கோடியக்கரை போய்ச் சேருவதற்குள்ளேயே சிவப்பு விளக்கு வந்துவிடும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. அவை அனுப்புவதைக் கேட்டுக்கொண்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். கேட்கிற வேலைக்குப் பெரிய செலவு கிடையாது. செலவு வைப்பவை இரண்டு: வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் ஸ்கிரீன், டவரைத் தேடி அலையும் நெட்வொர்க். வெயில் காலத்தில் மூன்றாவதாகச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் போனிலேயே பார்த்துவிடலாம். கல்லணைக் கால்வாய்க் கரையில், நம் ஊர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் அதன் ஓரமாக, ஒரு மணி நேரம் ஒரே பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் மேப்பைத் திறந்து ஸ்கிரீனை எரியவிட்டபடி. இன்னொரு நாள் பதிவை மட்டும் ஓடவிட்டு, ஸ்கிரீனை அணைத்துப் பைக்குள் போட்டு. மூன்றாவது நாள் அதோடு ஏரோபிளேன் மோடும் போட்டு. என் போனில் முதல் வகைக்கு மணிக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகிறது. கடைசி வகைக்கு 3, 4 சதவீதம்தான். உங்கள் போனுக்கு எண்கள் மாறும், வித்தியாசம் மாறாது. செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு தின்றது என்று பட்டியலே கிடைக்கும். அதில் ஸ்கிரீனைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பல போன்கள் ஸ்கிரீன் செலவையும் அந்த நேரத்தில் திறந்திருந்த ஆப்பின் கணக்கிலேயே எழுதிவிடும். மேப் ஆப்பின் பெயரில் இருக்கும் பாதிச் செலவு வெளிச்சத்துக்கானது.

ஸ்கிரீனை அணைக்கச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. என் மச்சான் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, வேகம் எவ்வளவு, சராசரி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே ஓட்டுபவர். டெல்டாவில் வெயிலை மறைக்க மலை இல்லை, கோடியக்கரை போய்ச் சேரும் வரை காடும் இல்லை. அறுவடை முடிந்த வயல்வெளியில் பத்து மணிக்கு மேல் ஆட்டோ பிரைட்னஸ் வெளிச்சத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடும். அப்படியும் ஒன்றும் சரியாகத் தெரியாது, கையை வைத்து மறைத்துத்தான் பார்க்க வேண்டும். தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு பேட்டரி. டார்க் மோட் போட்டால் மிச்சமாகும் என்பது ஓஎல்இடி வகை ஸ்கிரீனுக்குத்தான் சரி, அதில் கறுப்பு இருக்கும் இடம் அணைந்திருக்கும். எல்சிடி ஸ்கிரீனில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், கறுப்பாக இருந்தாலும் செலவு ஒன்றுதான். வேகம் பார்த்தே தீர வேண்டும் என்றால் சக்கரக் கம்பியில் காந்தம் மாட்டும் சின்ன மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் பேட்டரியில் மாதக் கணக்கில் ஓடும், வெயிலிலும் தெளிவாகத் தெரியும்.

வழிக்கு? நம் பக்கத்தில் வழி காட்டுவது ஆறுகள்தான். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரும்போது காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று வரிசையாகப் பாலம் வரும். எந்தப் பாலத்தைத் தாண்டினோம் என்று தெரிந்தாலே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மேப்பைப் பார்த்து, திரும்ப வேண்டிய இடங்களை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வேன். இந்த மதகில் இடது, ஆற்றில் தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் அந்த ரெகுலேட்டர் தாண்டி வலது, இந்த ஊர் பெருமாள் கோயில் வந்தால் நேராக என்று. சீட்டை ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிடலாம். அதிலும் சந்தேகம் வந்தால் டீக்கடை இருக்கிறது. மேப் காட்டாத விஷயமெல்லாம் அங்கே கிடைக்கும். "கரை ரோட்டுல போவாதீங்க தம்பி, தூர் வாரி மண்ணு கொட்டியிருக்கான், வண்டி ஏறாது. ஊருக்குள்ள பூந்து வந்துடுங்க." இதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

சீட்டும் வேண்டாம், கேட்கவும் கூச்சம் என்பவர்களுக்குக் குரல் வழிகாட்டி இருக்கிறது. ஸ்கிரீனை அணைத்தாலும் பல மேப் ஆப்களில் "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்ற குரல் வரும். போனை முன்பையில் வைத்து ஸ்பீக்கரில் கேளுங்கள். காதில் மாட்டாதீர்கள், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழ வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் மாதிரியான ஆப்களில் தமிழ்நாடு மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொண்டால் வழியில் டேட்டாவே தேவைப்படாது. கூகுள் மேப்பிலும் வேண்டிய பகுதியை மட்டும் இறக்கி வைக்கலாம்.

இனி நெட்வொர்க். பலர் கவனிக்காத செலவு இதுதான். டவர் பக்கத்தில் இருக்கும்போது போன் மெதுவாகப் பேசினால் போதும். டவர் தூரமாகப் போகப் போக, எதிர்க்கரை வயலில் நிற்பவரைக் கூப்பிடுவது மாதிரி, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். சிக்னல் அறுந்துவிட்டால் ஒவ்வொரு அலைவரிசையாக மாற்றித் தேடும். கிடைத்ததும் டேட்டாவைத் திறந்து, காத்திருந்த வாட்ஸப் படங்களையெல்லாம் இழுக்க ஆரம்பிக்கும், அதற்குள் மறுபடி அறுந்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இது தெரியவே தெரியாது. ஆனால் திருத்துறைப்பூண்டி தாண்டிக் கடைமடைக்குள் இறங்கியதும், ஊருக்கும் ஊருக்கும் இடையில் எனக்குச் சிக்னல் கம்பிகள் ஏறி இறங்குவது வழக்கம். உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரைக் காட்டுப் பக்கம் போகும்போது இன்னும் மோசம். போன் பைக்குள் சும்மாதான் கிடக்கிறது, ஆனால் எடுத்துப் பார்த்தால் கை பொறுக்காத சூடு. அந்தச் சூடு முழுக்க டவர் தேடிய செலவு.

அதனால்தான் ஏரோபிளேன் மோட். அதைப் போட்டால் ஜிபிஎஸ்ஸும் நின்றுவிடும் என்று நிறையப் பேர் இன்னமும் நினைக்கிறார்கள். இப்போதைய போன்களில் நிற்காது. போன் வெளியே அனுப்புவதைத்தான் அந்த மோட் நிறுத்துகிறது, ஜிபிஎஸ் கேட்பது மட்டும்தான். ஆனால் வரிசை முக்கியம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறேன் என்ற விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகிறது. அதை முழுசாக வாங்க 30 விநாடி ஆகும், நடுவில் ஒரு மரமோ மாடியோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. டேட்டா இருந்தால் போன் அதே விவரத்தை இன்டர்நெட்டில் இரண்டு மூன்று விநாடியில் எடுத்துக்கொள்ளும். எனவே வீட்டு வாசலில், டேட்டா ஆனில் இருக்கும்போதே, பதிவு ஆப்பைத் திறந்து, இடம் சரியாகப் பிடித்ததைப் பார்த்துவிட்டுப் பதிவை ஆரம்பியுங்கள். அதற்கப்புறம் ஏரோபிளேன் மோட். ஒருமுறை பிடித்துவிட்டால் ஓடும் வழியிலேயே புது விவரங்களை அதுவே வானத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். மதியம் நீண்ட நேரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதாக இருந்தால், புளியமரத்தடியில் நின்றுகொண்டு "பிடிக்க மாட்டேங்குது" என்று திட்ட வேண்டாம். ரோட்டுக்கு வந்து திறந்த வானத்தின் கீழ் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த விஷயத்தில் டெல்டா மாதிரி ஊர் கிடையாது, நாலு பக்கமும் வானம்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஏரோபிளேன் மோட் பிடிக்காது. அம்மா ஒருமுறை கூப்பிட்டு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வந்துவிட்டால் போதும், நான் திரும்பி வருவதற்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். நான் கிளம்பும்போதே சொல்லிவிடுவேன்: மன்னார்குடியில் ஒன்று, திருத்துறைப்பூண்டியில் ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று. ஊர் நடுவில் சிக்னல் நன்றாக இருக்கும், ஏரோபிளேன் மோடை எடுத்து, பேசி, பத்து நிமிஷம் அப்படியே வைத்திருந்து மறுபடி போட்டால் செலவே தெரியாது. தனியாகப் போகிறவர்கள், வயதானவர்கள், உடம்புக்கு ஏதாவது இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். பேட்டரி முக்கியமா ஆள் முக்கியமா? அவர்கள் மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு அழைப்பு வர விடலாம். பாதி மிச்சமாவது கிடைக்கும். யாராக இருந்தாலும் வீட்டு நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். லாக் போட்ட போனை வைத்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸ்காரர் யாருக்குப் பேசுவார்?

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒன்றை அணைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டும் தனித்தனியாகத் தேடும். அடுத்து 5ஜி. அது கொஞ்சம் கிடைத்துக் கொஞ்சம் கிடைக்காத இடங்களில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவிக்கொண்டே இருக்கும். பயணம் முடியும் வரை 4ஜியோடு நிறுத்திவைப்பது நல்லது. நேரலையாக இடத்தைப் பகிரும் வசதி ஒவ்வொரு சில விநாடிக்கும் டேட்டா அனுப்பும் என்பதால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். புளூடூத்தை மட்டும் எல்லோரும் வீணாகப் பயந்து அணைக்கிறார்கள். நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டைக்கு அது எடுப்பது சொற்பம்.

பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் தானே செய்யும் ஒரு வேலை இருக்கிறது, அது பதிவையே கெடுத்துவிடும். எங்களோடு வரும் நண்பர் ஒருவரின் பதிவில் வடுவூர் ஏரிக்கு நட்டநடுவே நேர்க்கோடு. பறவைகள் இறங்கும் ஏரியில் இவர் சைக்கிளோடு நீந்தியிருக்கிறார் போல என்று நாள் முழுக்கச் சிரித்தோம். நடந்தது இதுதான்: ஸ்கிரீன் அணைந்ததும் போன் அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்கவைத்துவிட்டது, ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பக்கத்துக்குப் போய் "கட்டுப்பாடு இல்லை" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இடம் அறியும் அனுமதியைத் துல்லியமாக என்று வையுங்கள். பேட்டரி சேவரைப் போட்டால் சில போன்கள் ஸ்கிரீன் அணைந்ததும் ஜிபிஎஸ்ஸையே நிறுத்திவிடும், அதனால் ஓட்டும்போது அது வேண்டாம். நோட்டிபிகேஷனில் பதிவு ஆப் உட்கார்ந்திருக்கும், அதைத் தள்ளி மூடாதீர்கள். அது இருந்தால்தான் உயிரோடு இருக்கிறது என்று பொருள். புது போனில் இதையெல்லாம் மாற்றியதும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு நெடும்பயணத்துக்குக் கொண்டுபோங்கள்.

எத்தனை விநாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றும் வசதி சில ஆப்களில் உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம். ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் 28 மீட்டருக்கு ஒன்று. நேராக ஓடும் கால்வாய்க் கரைக்கு அது போதும். குடமுருட்டிக் கரை மாதிரி வளைந்து வளைந்து போகும் ரோட்டில் அரை நிமிஷத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் வளைவையெல்லாம் வெட்டிக்கொண்டு போகும், ஓட்டிய தூரம் குறைந்து காட்டும். பேட்டரிக்காக இதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஸ்கிரீனில் மிச்சம் பிடித்தாலே போதும். ஏற்றக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லாத தஞ்சாவூரிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் வழியில் முந்நூறு மீட்டர் ஏறியிருக்கிறீர்கள் என்று சொல்லும். ஜிபிஎஸ் உயரத்தை அளப்பதில் எப்போதும் கொஞ்சம் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தையெல்லாம் கூட்டினால் மலையாகிவிடும். நம் பக்கத்தில் ஏறுவதற்கு இருப்பது ஆற்றுப் பாலங்கள்தான்.

கத்திரி வெயிலில் போனுக்கு வேறு சோதனை. ஐபோனைச் சுற்றுச்சூழல் 35 டிகிரி வரை இருக்கும்போது பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள். நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டும், ஹேண்டில்பாரில் நேரடி வெயில் வேறு. சூடு ஏறினால் ஸ்கிரீன் தானாக மங்கும், சார்ஜ் ஏறாது, அதற்கும் மேல் போனால் எச்சரிக்கை காட்டி முடங்கும். லித்தியம் பேட்டரி சூட்டில் வேகமாகக் கிழடு தட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பைக்குள், துணி சுற்றி, வெயில் படாமல் வைப்பேன். தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜில்லென்று இருக்கும் பாட்டில் வேர்க்கும், அந்த ஈரம் போனுக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இதே பைக்குள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று கட்டாயம். மழைத்துளி ஸ்கிரீனில் விழுந்து தானே பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்திவிடும். சார்ஜ் துளைக்குள் ஈரம் போனால் பல போன்கள் எச்சரித்து சார்ஜ் ஏற்ற மறுக்கும். துளையைக் கீழே பார்த்துத் தட்டி, காற்றோட்டமாக அரைமணி நேரம் வைத்தால் சரியாகும். அவசரப்பட்டு ஒயரைச் செருகிப் பார்க்க வேண்டாம், குச்சி விட்டுக் குடையவும் வேண்டாம்.

பவர் பேங்க் கணக்கில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 10,000 எம்ஏஎச் என்றால் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பலாம் என்று நினைப்பார்கள். அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு. வெளியே வருவது 5 வோல்ட், மாற்றும்போது கொஞ்சம் சூடாகவும் வீணாகும். பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள், உண்மையில் கிடைப்பது ஆறாயிரத்துச் சொச்சம் என்று போட்டிருக்கும். அது 5 வோல்ட் கணக்கு, போனின் ஐயாயிரமோ நாலு வோல்ட்டுக்குள் இருக்கும் செல்லுக்கு. அதனால் ஒன்றரைத் தடவைக்குள் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. ஓட்டிக்கொண்டே சார்ஜ் போடுவது எனக்குப் பிடிக்காது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஒயர் ஆடி ஆடி, போனின் துளை லூசாகிவிடும். சாப்பிட உட்காரும் நேரத்தில் நிழலில் வைத்து ஏற்றினால் போதும்.

டீக்கடையில் பிளக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. சார்ஜர் நம்மிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணே, பத்து நிமிஷம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"தாராளமா போட்டுக்கங்க தம்பி. கரன்ட்டு மூணு மணிக்குத்தான் வரும்."

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள் எப்போது என்று முந்தின நாளே பேப்பரில் ஊர்ப் பெயரோடு வந்துவிடும். வழியில் இருக்கும் ஊர்கள் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது என் பழக்கம்.

நீடாமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இதற்கெல்லாம் சிரித்தார். "டைனமோ மாட்டிக்கங்களேன்" என்றார். பழைய அட்லஸ் சைக்கிளில் டயரில் உரசி விளக்கை எரிய வைத்த அதே டைனமோவைத்தான் சொன்னார். அவர் சொன்னது வேடிக்கை இல்லை. அது 6 வோல்ட், 3 வாட். நடுவில் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிபயரும் வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரும் வைத்தால் போனுக்கு மெதுவாக ஏற்றலாம். சக்கரத்தின் நடுவிலேயே அமையும் டைனமோவை வெளிநாட்டில் நெடுந்தூரம் போகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டயரில் உரசுவது நாள் முழுக்கக் காலைப் பிடித்து இழுக்கும், மெதுவாகப் போனால் சார்ஜும் ஏறாது. எதிர்க்காற்றில் வேதாரண்யம் போகும்போது அதையும் சேர்த்து மிதிக்க எனக்குத் தெம்பு இல்லை.

எனக்கு ஒத்துவந்த ஏற்பாடு இன்னும் எளிது: அலமாரியில் கிடக்கும் பழைய போன். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை. சிம்மை எடுத்துவிட்டு, பதிவு ஆப்பையும் மேப்பையும் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, கடையில் புது பேட்டரி போட்டு அதைப் பயணத்துக்கென்றே வைத்துக்கொண்டேன். வீட்டு வைஃபையில் இடம் பிடிக்கவைத்துப் பைக்குள் போட்டால் சாயங்காலம்தான் எடுப்பேன். தினமும் பயன்படுத்தும் போன் அழைப்புக்கும் போட்டோவுக்கும் தனியாக இருக்கும், அம்மா எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

ஒரே போன்தான் என்றால் 15 சதவீதத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் எங்கே இருந்தாலும் நிறுத்தி, பதிவை சேவ் செய்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தால் சில ஆப்கள் அதுவரை ஓட்டியதைத் திருப்பித் தரும், சில தராது. மிச்ச வழியைச் சார்ஜ் ஏற்றியபின் தனிப் பதிவாக ஓட்டி, வீட்டுக்கு வந்து வழிப் பதிவு இருக்கும் இரண்டு ஜிபிஎக்ஸ் கோப்புகளையும் ஒட்டிக்கொள்ளலாம், அதற்கு இலவசமாகவே கருவிகள் இருக்கின்றன. அப்லோடு செய்வதையும் வீட்டு வைஃபைக்கு விட்டுவிடுங்கள். கோடியக்கரையில் நின்றுகொண்டு ஒரு கம்பி சிக்னலில் அதை ஏற்றப் பார்த்தால், மிச்சமிருக்கும் 15-உம் அங்கேயே போய்விடும்.